ஐந்தாவது எழுத்துக்கூட்டல்

நான்கு விதமாய் அடித்துப் பார்த்தேன் இனயத்தை.
கம்பெனிக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்:
ஐயில் தொடங்கவில்லை, ஈயிலும் இல்லை,
ஏயில். நடுவில் ஓர் எச் வேறு.
கிடைத்தது.

எங்கோ ஒரு நாட்டு நீதிமன்றத்தில் தோற்று
வேறு வழியின்றிக் கொட்டிய காகிதங்கள்.
மழை பெய்யும் ஆசாரிப்பள்ளத்தில்
ஒரு பழைய மடிக்கணினி
அவற்றை ஒவ்வொன்றாய் இறக்கிக்கொண்டிருக்கிறது.
கரண்ட் போனால் பாதித் தாளோடு நிற்கும்:
மேலே முகவரி, கீழே சாம்பல்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் வக்கீல்கள் குத்திய எண்.
ஏலத்துக்கு வரும் மீன்கூடையில்
இன்னார் வள்ளம் என்று அடையாளம் இருக்குமே, அதுபோல.

முதல் மூன்று மாதம்
பயணப்படி, ஓட்டல் பில், ஓய்வுபெறும் மேலாளருக்குக் கேக்.
குற்றம் என்பது பெரும்பாலும்
பெட்ரோல் கணக்காகவே இருக்கிறது.

பிறகு இது.
1988 ஏப்ரல். விற்பனைப் பிரிவு, தென்கோடி வண்டி.
"கடற்கரை ஊர்களில் பீடிதான் ஓடுகிறது.
இளவட்டங்கள் கால்பந்துக்கு உயிரை விடுகிறார்கள்.
பரிந்துரை: பந்து."

எழுந்து போய்க் கட்டஞ்சாயா போட்டேன்.
குடிக்க மறந்துவிட்டேன்.

அடுத்த தாள் ரசீது.
ஜெர்சி பதினாறு. பந்து இரண்டு.
இடைவேளைக்கு எலுமிச்சை ஒரு கூடை.
மாதிரிப் பாக்கெட் நாற்பது டஜன்.
'எலுமிச்சைத் துண்டுகளோடு, அதே தட்டில்' என்று
ஓரத்தில் பேனாவால் ஒரு குறிப்பு.
கீழே அணித்தலைவர் கையெழுத்து: கிளீட்டஸ்.
(பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். விதி.)
கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு
தூண்டில் கயிறுபோல் தாளுக்கு வெளியே போகிறது.

மைமூனா டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"ஒரு ரசீது ஒன்றையும் நிரூபிக்காது.
எத்தனை ஊர், எத்தனை வருஷம், எத்தனை பந்து? எண்ணு.
கோபத்துக்கு அட்டவணையில் கட்டம் கிடையாது."

எண்ணினேன்.
பதினோரு ஊர். ஆறு சீசன்.
புற்றுநோய்ப் பதிவேட்டை அருகில் வைத்தோம்.
'இதனால்' என்று எழுதக்கூடாது.
'இதற்குப் பிறகு' என்று எழுதலாம்.
அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் சண்டை போட்டோம்.
அவர்தான் ஜெயித்தார். அவர் சொன்னது சரியும்கூட.

கிளீட்டஸைத் தேட ஆவணக்காப்பகம் வேண்டியிருக்கவில்லை.
புதுக்கடையில் பஸ் மாறி இறங்கி
வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.
"தொண்டையில ஓட்ட போட்ட ஆளா? அந்தா."

கழுத்தில் ஈரத்துணி.
விரலால் துளையை அடைத்தால்தான் பேச்சு.
போனில் ரசீதைக் காட்டினேன்.
பிடிக்க ஒரு கை, விரிக்க ஒரு கை.
பேசக் கை இல்லை.
தன் பெயரைத் தானே பெரிதாக்கிக்கொண்டே போனார்,
எழுத்து சதுரம் சதுரமாய் உடையும்வரை.

பிறகு போனை மடியில் வைத்துவிட்டு,
"அந்த வருசம் நாங்க ஜெயிச்சோம், கேட்டியா.
தூத்தூர்க்காரன.
மூணுக்கு ஒண்ணு."
மூச்சு வாங்கினார்.
"ஜெயிச்சவனுக்கு ரெண்டு பாக்கெட்டு.
தோத்தவனுக்கும் ரெண்டு."

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.
பேனாவை வாங்கினார். போடவில்லை.
"அண்ணு இங்கிலீசுல இருந்து. வாசிக்காமப் போட்டேன்.
இத வாசி, மோளே. முழுசும்."

வாசித்தேன்.
ஆய்வின் நோக்கம். ரகசியம் காக்கப்படும்.
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.
தடுப்புக் கல்லில் மோதிய அலை
ஒரு வரியை விழுங்கியது, மறுபடி வாசித்தேன்.
எனது சொந்த விருப்பத்தின் பேரில்

விரல் கழுத்துக்குப் போனது.
"அத
இன்னொருக்கா."